அப்பாவின் கல்லீரலைக் கெடுத்தது கொரோனாவா, ஊசியா, கஷாயமா?

#1 கொரடாச்சேரி_மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இப்போது 61 வயது. 2006 முதல் சர்க்கரை இருக்கிறது. குடிப்பழக்கம் என்றைக்கும் கிடையாது. 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில், கொரோனா வந்து 11 நாள் மருத்துவமனையில் இருந்தார். ஆக்சிஜன் வைத்தார்கள், வென்டிலேட்டர் வரை போகவில்லை. ரெம்டெசிவிர் ஊசி 5 நாள், ஸ்டீராய்டு, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். வீடு திரும்பியபின் சித்தப்பா வாங்கிக் கொடுத்த கபசுரக் குடிநீரை ஒன்றரை மாதம் தினமும் குடித்தார்.

போன மாதம் கால் வீங்க ஆரம்பித்தது. அப்புறம் வயிறு. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று அவரே சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஸ்கேன் எடுத்தால் வயிற்றில் நீர், கல்லீரல் சுருங்கி மேடும் பள்ளமுமாக இருக்கிறது, சிரோசிஸ் என்கிறார்கள்.

வீட்டில் இப்போது தினமும் இதே பேச்சு. அம்மா, "அந்த ஊசிதான் கல்லீரலை அரித்துவிட்டது" என்கிறார். தம்பி வைரஸ் என்கிறான். சித்தப்பா, கஷாயத்தைத் தாமே கொடுத்தோமே என்று நினைத்து எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை. அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

2021 கோப்பு என் முன்னால் இருக்கிறது. சேர்ந்த அன்று கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி 96, எஸ்ஜிபிடி 71, காமாலையைக் காட்டும் பிலிருபின் 0.9, ரத்தப் புரதமான ஆல்புமின் 3.0. ஆறாம் நாள் எஸ்ஜிஓடி 188, எஸ்ஜிபிடி 160. வீட்டுக்கு அனுப்பிய அன்று 64, 82. இதைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா, அவருக்கு என்ன நடந்தது என்று?

#2 லேப்_சிவா

அக்கா, நான் 19 வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். மருத்துவர் இல்லை, எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலில் இருந்து வருவது. எஸ்ஜிஓடி அப்படியில்லை. தசை, இதயம், சிறுநீரகம், சிவப்பணு என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. கொரோனாவில் உடம்பு முறித்துப்போட்டது போல வலிக்கிறதே, அதில் தசையும் அடிபடுகிறது. அந்தக் கசிவிலும் எஸ்ஜிஓடி ஏறும். 2021 மே மாதம் எங்கள் கூடத்தில் ஒரு நாளைக்கு இருநூறு எல்எஃப்டி, அதாவது கல்லீரல் பரிசோதனை, ஓட்டினோம். எஸ்ஜிஓடி 80, 90, எஸ்ஜிபிடி அதைவிடக் கொஞ்சம் குறைவு, பிலிருபின் சாதாரணம் என்றே வரிசையாக வரும். பெயரை மூடிவிட்டுத் தாளைக் காட்டினால்கூட இது கொரோனா வார்டு என்று சொல்லிவிடுவோம். அப்பாவின் முதல் நாள் தாளும் அதே மாதிரிதான் இருக்கிறது.

ஆல்புமின் 3.0 பற்றி ஒன்று. கல்லீரல் கெட்டால் ஆல்புமின் இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் உடம்பில் எங்கே கடுமையான அழற்சி இருந்தாலும் அது இறங்கும். அந்த ஒரு எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

#3 தஞ்சை_குமரன்

என் மச்சானுக்கும் இப்படித்தான், ரெம்டெசிவிர் போட்டதும் 300 வரை ஏறியது. ஊசிதான் சகோதரி, சந்தேகமே வேண்டாம்.

#4 லேப்_சிவா

குமரன், மச்சானுக்கு இப்போது எவ்வளவு இருக்கிறது?

#5 தஞ்சை_குமரன்

இப்போது சரியாகிவிட்டது. 35 என்று நினைக்கிறேன்.

#6 வார்டு_மருத்துவர்

கல்லீரல் பிரிவில் வேலை செய்கிறேன், இரண்டு அலையிலும் கொரோனா வார்டில் இருந்தேன். உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல் நோய் என்னவென்று சொல்ல மாட்டேன். கொரோனா கல்லீரலை எந்தெந்த வழியில் தொடுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வைரஸ் செல்லுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற ஏற்பி வேண்டும். கல்லீரலில் அது பித்தநாளத்தின் உட்சுவர் செல்களில் அதிகம் காணப்படுகிறது. கல்லீரலின் பெரும்பகுதியாக இருக்கும் முதன்மைச் செல்களில் குறைவு. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கல்லீரலையே வீடாக வைத்துக்கொள்வது போல இது வைத்துக்கொள்வதில்லை. கல்லீரல் திசுவில் இந்த வைரஸின் தடயத்தைக் கண்டவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வார்டில் நாங்கள் பார்த்த பாதிப்பில் பெரும்பகுதி வேறு வழியில் வந்தது.

முதல் வழி உடம்பு முழுக்கப் பரவும் அழற்சி. இரண்டாவது ஆக்சிஜன் குறைவு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதயம் அனுப்பும் ரத்தத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு கல்லீரலுக்கு வருகிறது. அதில் முக்கால் பங்கு, குடலைச் சுற்றிவிட்டு ஏற்கெனவே ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வரும் ரத்தம். நீங்கள் கொரடாச்சேரிக்காரர், உங்களுக்குக் கடைமடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லீரலின் ஒவ்வொரு சிறு மடலிலும் ரத்தம் ஓரத்தில் நுழைந்து நடுவில் இருக்கும் சிரைக்கு வடிகிறது. தலைமடையில் இருக்கும் செல்கள் முதலில் உறிஞ்சிக்கொள்ளும். வரத்து குறைந்தால் நடுச்சிரையை ஒட்டிய செல்கள்தான் முதலில் காயும். ரத்த அழுத்தம் விழுந்து இது கடுமையாக நடந்தால் நொதிகள் ஆயிரக்கணக்கில் ஏறும். ஆக்சிஜனும் ரத்த ஓட்டமும் திரும்பிவிட்டால் சில நாளில் அதே வேகத்தில் இறங்கிவிடும். உங்கள் அப்பாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

மூன்றாவது மருந்துகள். ரெம்டெசிவிர் நொதிகளை ஏற்றும், உண்மைதான். அதனால்தான் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி மேல்வரம்பைப்போல் ஐந்து மடங்கைத் தாண்டியிருந்தால் போடக் கூடாது என்று நம் நாட்டு நெறிமுறையிலேயே இருந்தது. மேல்வரம்பு 40 என்றால் ஐந்து மடங்கு 200. ஆறாம் நாள் 188 வந்தபோது அங்கிருந்த மருத்துவர்கள் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ஊசி முடிந்தது, எண் இறங்கியது. குமரனின் மச்சானுக்கும் அதுவே நடந்திருக்கிறது. ஐந்து நாள் ஊசியால் சிரோசிஸ் வராது. கல்லீரலில் தழும்பு கட்டி, அந்தத் தழும்பு சேர்ந்து சேர்ந்து கல்லீரல் சுருங்க வருடக்கணக்கில் ஆகும். அம்மாவிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

சீனாவில் 2020 தொடக்கத்தில் 1,099 நோயாளிகளைப் பார்த்து எழுதிய ஆய்வில், ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகமாக இந்த நொதிகள் கூடியிருந்தன. ரெம்டெசிவிர் பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய கணக்கு அது.

#7 மாட்டுங்கா_மீனா

நான் மும்பையில் வளர்ந்தவள். கஷாயம் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

2020இல் இங்கே எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு கிலோய் கஷாயம். நம்மூரில் சீந்தில் கொடி என்கிறோமே, அதுதான். என் மாமியார் மொட்டை மாடித் தொட்டியில் வளர்த்து, தினமும் விரல் நீளத் தண்டு இரண்டை நசுக்கிக் கொதிக்கவைத்து, வெறும் வயிற்றில் குடிப்பார். அந்த டம்ளரின் அடியில் பச்சையாகப் படிந்திருக்கும் மண்டியைக்கூட விடமாட்டார். மூன்று மாதம் கழித்துக் கண் மஞ்சளானது. அவருக்குத் தைராய்டு இருந்தது. கொரோனா வரவே இல்லை, மூன்று முறை பார்த்தும் இல்லை என்றே வந்தது. மருத்துவமனையில் எல்லா மருந்தையும் கேட்டார்கள். கஷாயத்தை யாரும் சொல்லவில்லை, அது மருந்து என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. நான்காம் நாள் ஓர் இளம் மருத்துவர் "வீட்டில் கொதிக்கவைத்து ஏதாவது குடித்தீர்களா?" என்று கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. நிறுத்தினோம். சரியாக இரண்டு மாதம் பிடித்தது.

பிற்பாடு மும்பை மருத்துவர்கள் இதே போல ஆறு பேரைப் பற்றி எழுதியிருந்தார்கள் என்று தெரிந்தது. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வந்தவர்கள். படித்தபோது எங்கள் வீட்டுக் கதையை யாரோ எழுதியது போல இருந்தது.

#8 சித்த_மருத்துவன்

மீனா அம்மா, உங்கள் மாமியார் தேறியதில் மகிழ்ச்சி. நான் சித்த மருத்துவம் படித்தவன், முறையாகப் பயிற்சி செய்பவன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

கபசுரக் குடிநீர் 15 சரக்குகள் சேர்ந்தது. சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, நிலவேம்பு, கோரைக்கிழங்கு என்று போகும் பட்டியலில் சீந்தில் தண்டும் ஒன்று. சூரணத்தில் அதன் பங்கு சிறியது. மொட்டை மாடியில் இருந்து பச்சைத் தண்டை வெட்டி, அளவில்லாமல் தினம் குடிப்பதும் இதுவும் ஒன்றல்ல. அந்த மும்பைச் செய்தி வந்தபோது ஆயுஷ் அமைச்சகமும் எதிர்த்தது. சீந்திலைப் போலவே இருக்கும் இன்னொரு கொடி உண்டு, சேகரிப்பவர்கள் மாற்றி எடுத்துவிடுவதும் உண்டு.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நான் நழுவ மாட்டேன். குடிநீர் என்றால் நோய்க்குத் தக்க அளவு, தக்க நாள், அவ்வளவுதான். "இயற்கைதானே" என்று ஒன்றரை மாதம் குடிக்கச் சொன்னது யார்? எங்கள் மருத்துவத்தை மதிப்பவன் அதை மருந்து என்றே மதிக்க வேண்டும். மருந்து என்றால் கணக்கு உண்டு.

#9 வார்டு_மருத்துவர்

ஐயா, உங்கள் கடைசி வரிகளோடு முழுக்க உடன்படுகிறேன். ஒன்றில் மட்டும் மாறுபாடு. மும்பைக்குப் பிறகு இந்தியா முழுக்க 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 43 பேரைப் பற்றி வெளியிட்டன. கிடைத்த கொடியைச் சோதித்தபோது அது சீந்திலாகவே இருந்தது. எல்லோருக்கும் இது வராது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் கல்லீரலையே தாக்கும் தன்மை உள்ளே உறங்கிக்கொண்டிருப்பவர்களுக்குச் சீந்தில் அதைத் தட்டி எழுப்புகிறது என்பது எங்கள் புரிதல். தைராய்டு போன்ற நோய் இருப்பவர்களிடம் கூடுதலாகப் பார்க்கிறோம். மீனாவின் மாமியார் கதை அதற்குப் பொருந்துகிறது.

கொரடாச்சேரி மகளுக்கு: உங்கள் அப்பாவுக்குக் குடிநீர் குடித்த நாட்களில் கண் மஞ்சள், அரிப்பு, சிறுநீர் அடர் நிறம் ஏதாவது இருந்ததா? இல்லை என்றால் சித்தப்பாவை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

#10 கொரடாச்சேரி_மகள்

இல்லை டாக்டர், எதுவும் இல்லை. ஜூன் 2021இல் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். எஸ்ஜிஓடி 52, எஸ்ஜிபிடி 44. அப்போதும் குடித்துக்கொண்டுதான் இருந்தார்.

#11 சேலம்_வெங்கட்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மாமாவுக்கு 2021இல் 38 நாள் வென்டிலேட்டர். பிழைத்து வந்துவிட்டார். வந்து மூன்று மாதத்தில் உடம்பெல்லாம் அரிப்பு, இரவெல்லாம் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக்கொள்வார். பிறகு காமாலை. பித்தநாளம் சுருங்கியிருக்கிறது என்கிறார்கள். கல்லே இல்லையாம். கொரோனாவால் இப்படி வருமா?

#12 வார்டு_மருத்துவர்

வரும் வெங்கட். அரிது, ஆனால் வரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள் கணக்கில் கிடந்தவர்களுக்குப் பித்தநாளங்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து, நாளத்தின் உட்சுவர் உரிந்து, ஆங்காங்கே தழும்பாகிச் சுருங்கிவிடுகிறது. கல்லீரலின் மற்ற பகுதிக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது என்றேன் அல்லவா, பித்தநாளத்துக்குத் தமனி ஒன்றுதான். மாற்று வழி இல்லை. கொரோனாவுக்கு முன்பும் தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு இது வந்ததுண்டு. 2021இல்தான் கொரோனா பிழைத்தவர்களிடம் தனியாகக் கவனித்து எழுத ஆரம்பித்தார்கள். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி பெரிதாக இருக்காது. பித்தநாளப் பாதிப்பைக் காட்டும் ஏஎல்பி, ஜிஜிடி இரண்டும்தான் நூறு நூறாக ஏறும். பித்தநாளத்தைக் காட்டும் எம்ஆர்சிபி ஸ்கேன் எடுத்துவிட்டார்களா? காய்ச்சலும் குளிரும் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அது நாளத்துக்குள் சீழ் பிடிப்பதாக இருக்கலாம். சிலருக்குக் கல்லீரல் மாற்றும் அளவுக்குப் போயிருக்கிறது. அதனால் மாற்று சிகிச்சை செய்யும் இடத்தில் ஒரு முறை காட்டி வையுங்கள்.

#13 சேலம்_வெங்கட்

எடுத்துவிட்டார்கள். மணிமணியாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறது. நாளைக்கே பேசுகிறேன், நன்றி.

#14 அறந்தாங்கி_பாலு

எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது, மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். கொரோனா வந்து ஸ்டீராய்டு கொடுத்தால் ஆபத்தா?

#15 வார்டு_மருத்துவர்

கொடுக்கும் முன்பே உங்களுக்கு பி இருப்பதைச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அமர்த்தும்போது உறங்கும் பி வைரஸ் எழுந்துகொள்ளலாம். தேவைப்பட்டால் பி வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள். கொரோனா தடுப்பூசி தயங்காமல் போடலாம்.

#16 கொரடாச்சேரி_மகள்

ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. நேற்று இரவு பீரோவில் நிலப் பத்திரங்களோடு ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. 2018இல் தம்பி வேலை செய்த கம்பெனி மூலம் அப்பாவுக்கு எடுத்த முழு உடல் பரிசோதனை. அன்று சர்க்கரையும் கொழுப்பும் மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறோம்.

எஸ்ஜிஓடி 58. எஸ்ஜிபிடி 49. பிளேட்லெட் (தட்டணுக்கள்) 1,28,000. ஸ்கேனில் "கிரேடு 2 ஃபேட்டி லிவர்" என்று ஒரு வரி. அப்போது அவருக்கு வயது 56.

இது கொரோனாவுக்கு இரண்டு வருடம் முன்பு.

#17 லேப்_சிவா

அக்கா, இந்தத் தாளை வைத்து ஒரு கணக்குப் போடலாம். கல்லீரலில் எவ்வளவு தழும்பு இருக்கலாம் என்று கணிக்கும் கணக்கு, ஃபிப்-4 என்பார்கள். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும்: 56 பெருக்கல் 58, 3248. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் 7, அதை ஆயிரக்கணக்கில் எழுதிய பிளேட்லெட் 128ஆல் பெருக்கினால் 896. 3248ஐ 896ஆல் வகுத்தால் 3.6.

1.3க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 2.67க்கு மேலே இருந்தால் தழும்பு நன்றாகவே ஏறியிருக்க வாய்ப்பு. இதே கணக்கை 2021 மே மாத எண்களில் போடாதீர்கள். அப்போது எஸ்ஜிஓடி கொரோனாவால் ஏறியது, கணக்கு பொய் சொல்லும்.

அன்று அந்தத் தாளை ஓட்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். 58க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்போம். என்னவோ போல இருக்கிறது.

#18 வார்டு_மருத்துவர்

சிவா போட்ட கணக்கு சரி. சர்க்கரை 12 வருடம், கொழுப்புக் கல்லீரல், நொதிகள் லேசாகக் கூடுதல், தட்டணுக்கள் குறைவு. தட்டணு எண்தான் என் கண்ணில் முதலில் படுகிறது. கல்லீரல் இறுகும்போது ரத்தம் மண்ணீரலுக்குத் திரும்பி, அது வீங்கி, தட்டணுக்களைத் தன்னிடமே தேக்கிக்கொள்ளும். கொரோனா வந்தபோது உங்கள் அப்பாவின் கல்லீரல் ஏற்கெனவே தழும்போடு இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். குடிக்காதவருக்கு எப்படி என்று அம்மா கேட்பார். நம் வார்டுகளில் சர்க்கரையும் இடுப்புச் சுற்றளவும் மட்டுமே காரணமாக இருக்கும் சிரோசிஸை வாராவாரம் பார்க்கிறோம்.

அப்படியானால் கொரோனாவுக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் தம்பி நினைக்கும் விதத்தில் இல்லை. உலக அளவில் இரண்டு பதிவேடுகள், கோவிட்-ஹெப் என்பதும் செக்யூர்-சிரோசிஸ் என்பதும், 29 நாடுகளில் இருந்து நீண்டகாலக் கல்லீரல் நோயுள்ள 745 பேரின் விவரத்தைச் சேர்த்தன. கொரோனா வந்தவர்களில் சிரோசிஸ் இல்லாதவர்களில் 8 விழுக்காடு இறந்தார்கள். சிரோசிஸ் இருந்தவர்களில் 32. அதிலும் படி உண்டு: ஆரம்ப நிலையில் 19, நடு நிலையில் 35, முற்றிய நிலையில் 51. பெரும்பாலோர் இறந்தது கல்லீரலால் அல்ல, மூச்சு நின்று. சிரோசிஸ் இருந்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கு அந்தச் சமயத்தில் வயிற்றில் நீர், நினைவு தடுமாற்றம் போன்றவை புதிதாகவோ அதிகமாகவோ வந்தன. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இருமலோ மூச்சுத்திணறலோ இல்லவே இல்லை.

உங்கள் அப்பா தழும்பேறிய கல்லீரலோடு ஆக்சிஜன் வரை போய், நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்த 11 நாள் அவர் கல்லீரலின் கையிருப்பில் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கும், ஸ்டீராய்டு ஏற்றிய சர்க்கரை இன்னும் கொஞ்சம். எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பழைய தழும்புதான் மூலம்.

இனி செய்ய வேண்டியது: எண்டோஸ்கோப்பி எடுத்து உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ரத்த வாந்தி வரும் முன்பே. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், கட்டி ஏதும் வருகிறதா என்று. உப்பைக் குறைக்க வேண்டும். ஆனால் பத்தியம் என்று சொல்லி முட்டை, பருப்பை நிறுத்திவிடாதீர்கள், அவருக்குப் புரதம் நிறையவே வேண்டும். இரவு படுக்கும் முன் ஏதாவது சாப்பிடட்டும்.

உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் கூடவே கூடாது, சிறுநீரகம் படுத்துவிடும். பாரசிட்டமாலைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கைத் தாண்டாமல் இருந்தால் இவர்களுக்கு அதுதான் பாதுகாப்பானது.

#19 தஞ்சை_குமரன்

சகோதரி, மேலே அவசரப்பட்டு எழுதிவிட்டேன். என் மச்சானுக்கும் சர்க்கரை உண்டு. அவர் பழைய தாள்களையும் தேடச் சொல்லியிருக்கிறேன்.

#20 கொரடாச்சேரி_மகள்

நேற்று திருச்சியில் கல்லீரல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். 2018 தாளை முதலில் எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் வேறு யாருக்குச் சர்க்கரை?" என்பதுதான். சித்தப்பாவுக்கு இருக்கிறது.

எண்டோஸ்கோப்பியில் இரண்டு இடத்தில் நாளம் புடைத்திருந்தது, வளையம் போட்டுவிட்டார்கள். நீர் இறங்க மாத்திரை. 2018 தாளை ஏன் அன்றே யாரிடமும் காட்டவில்லை என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அம்மா ஊசியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஊறுகாய் ஜாடியை மட்டும் எடுத்துப் பரணில் வைத்தார்.

இன்று காலை நானே சித்தப்பா வீட்டுக்குப் போய் இந்த இழையை அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தன் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "அந்தக் கணக்கை எனக்கும் போடு" என்றார். சிவா தம்பி, 2022 தாள்: வயது 57, எஸ்ஜிஓடி 41, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2,10,000.

#21 லேப்_சிவா

57 பெருக்கல் 41, 2337. 64இன் வர்க்கமூலம் 8, அதை 210ஆல் பெருக்கினால் 1680. விடை 1.39. நடுவில் நிற்கிறார் அக்கா. பழைய தாள் வேறு, புதிதாக ஒன்று எடுத்து, கல்லீரல் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இந்த வாரமே.